எல்.இ.டி. ஒளித்திரைகளில் தமிழ் எழுத்து: ஒளிப்புள்ளி இடைவெளியும் படிப்பெளிமையும் (புதுச்சேரி ஊரகப் பகுதியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

ஒளி உமிழ் இருமுனையங்களால் (எல்.இ.டி.) ஆன காட்சித்திரைகள் அண்மைக் காலத்தில் நுண்மை, ஒளிர்வு, புதுப்பிப்பு வேகம் ஆகியவற்றில் விரைந்து வளர்ந்துள்ளன. இவ்வளர்ச்சியை அளக்கத் தொழில்துறை கையாளும் அளவுகோல்கள் படக்காட்சியை மனத்திற்கொண்டவை. தமிழ் எழுத்தின் சுழி, புள்ளி, மேல்கீழ் உறுப்புகள் ஆகியன அத்திரைகளில் எவ்வாறு நிற்கின்றன என்பதனை இக்கட்டுரை வடிவக் கணக்கின்வழி விளக்குகிறது. எழுத்துடல் ஒன்றுக்குக் கிடைக்கும் ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கையே தமிழுக்கு உரிய அளவுகோல் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: எல்.இ.டி. திரை, ஒளிப்புள்ளி, எழுத்துடல், சுழி, மெய்ப்புள்ளி, எழுத்துச் சீர்திருத்தம், ஒருங்குறி.

முன்னுரை

எழுதப்படும் பொருள் எழுத்தின் வடிவத்தை மாற்றும் என்பது தமிழ் எழுத்தியலார் அறிந்தது. ஓலையில் எழுத்தாணி ஓடிய காலத்தில் மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. தொல்காப்பியம் மெய்க்கும் எகர ஒகரங்களுக்கும் புள்ளியை விதித்திருந்தும் ஏட்டில் அது நிலைபெறவில்லை. படிப்பவரே சூழல் நோக்கி உய்த்துணர வேண்டியிருந்தது. பின்னர் வீரமாமுனிவரின் திருத்தத்தால் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு கொம்பிலும் காலிலும் தெளிவாயிற்று. அச்சு வந்தபின் மெய்ப்புள்ளி உறுதியாக நிலைபெற்றது. கல், செம்பு, ஓலை, ஈயம் என நீளும் அவ்வரிசையில் இன்று ஒளிப்புள்ளிகளின் கட்டமும் சேர்ந்துள்ளது. இதனைக் குறித்துத் தமிழில் எழுத்தியல் நோக்கிலான பேச்சு மிகக் குறைவு.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகளால் பெயர்பெற்ற பாகூருக்கும், திருக்காமீசுவரர் தேர்த் திருவிழாவால் அறியப்படும் வில்லியனூருக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் உள்ள ஊர் கரிக்கலாம்பாக்கம். புதுச்சேரி ஊரகத்தின் சமுதாய நலவாழ்வு மையங்களுள் ஒன்று இங்குள்ளது. இத்தகைய ஊர்களில் எல்.இ.டி. எழுத்து இருவகையாகப் புழங்குகிறது. ஒன்று, கடைமுகப்பிலும் அலுவலகத்திலும் பேருந்து நெற்றியிலும் ஓடும் ஒற்றைவண்ணப் பலகை. மற்றொன்று, திருவிழா, திருமணம், அரசியல் கூட்டம் ஆகியவற்றுக்கு ஒலி ஒளி அமைப்பாளர் வாடகைக்குக் கொணர்ந்து அடுக்கும் பெருந்திரை. முன்பு சீரியல் விளக்குகளால் ‘ஓம் சக்தி’ என எழுதிய தட்டிப்பந்தல் நின்ற இடத்தில் இப்போது இப்பெருந்திரை நிற்கிறது. முன்னது எழுதியது இரண்டு மூன்று சொற்களே. அவற்றை அமைத்தவர் ஒவ்வொரு விளக்கையும் தம் கையால் வைத்தார். பின்னது எதனையும் எழுதும். ஆனால் எழுத்தின் வடிவத்தை இங்கே எவரும் கையால் வைப்பதில்லை. சிக்கல் அங்குத்தான் தொடங்குகிறது.

திரையின் அமைப்பும் இன்றைய போக்கும்

எல்.இ.டி. திரையின் அடிப்படை அலகு ஒளிப்புள்ளி. முழுவண்ணத் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உமிழிகள் சேர்ந்தது ஓர் ஒளிப்புள்ளி. சிவப்பு உமிழி 1962 முதலே இருந்தது. ஒளிர்வுமிக்க நீல உமிழி 1990களின் தொடக்கத்தில் கைகூடிய பின்னரே முழுவண்ணத் திரை இயன்றது. அந்நீல உமிழிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பழைய பலகைகள் பலவும் சிவப்பாகவே இருந்தமைக்குக் காரணம் இவ்வரலாறே.

அடுத்தடுத்த இரு ஒளிப்புள்ளிகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஒளிப்புள்ளி இடைவெளி எனப்படும். தொழிலில் ‘பிட்ச்’ என்பர். ‘பி10’ என்றால் 10 மி.மீ. இடைவெளி. கடைப்பலகைகளில் பரவலாகக் காணப்படும் பி10 மாட்யூல் 320 மி.மீ. அகலமும் 160 மி.மீ. உயரமும் உடையது, அதில் 32 நிரல்களும் 16 வரிசைகளும் உண்டு. வாடகைத் திரைகளில் பெரிதும் வழங்கும் 3.91 மி.மீ. இடைவெளியில், அரை மீட்டர் சதுரக் கேபினெட் ஒன்றுக்கு 128க்கு 128 ஒளிப்புள்ளிகள். இடைவெளி 2.6 மி.மீ. ஆனால் அதே கேபினெட்டில் 192க்கு 192, 1.95 மி.மீ. ஆனால் 256க்கு 256.

இடைவெளி குறைந்துகொண்டே வருவது துறையின் முதன்மைப் போக்கு. உமிழியைத் தனி உறையில் பொதிந்து ஒட்டும் முறைக்கு மாற்றாக, சில்லுகளை நேரே பலகையில் பதித்துப் பிசினால் மூடும் முறை (சி.ஓ.பி.) இரண்டாவது போக்கு. ஏற்றி இறக்கும்போது மூலைகள் மோதி ஒளிப்புள்ளிகள் உதிர்வது இதனால் குறைகிறது. அணைந்த பகுதி ஆழ்ந்த கருமையுடன் தோன்றுகிறது. கைப்பேசிப் படப்பிடிப்பில் கரும்பட்டைகள் விழாதிருக்க நொடிக்கு 1920 முறையாக இருந்த புதுப்பிப்பு 3840ஆகவும் அதற்கு மேலும் உயர்ந்திருப்பது மூன்றாவது. வெயிலில் தெரிய வேண்டிய வெளித்திரைகள் 5000 நிட்ஸ் அளவிலோ அதற்கு மேலோ ஒளிர்கின்றன. உள்ளரங்கத் திரைகளுக்கு அதில் ஐந்திலொரு பங்குகூடத் தேவையில்லை.

நகரின் படப்பிடிப்புத் தளங்களும் மாநாட்டு அரங்குகளும் நுண்ணிய திரைகளுக்கு மாறும்போது, பழைய கேபினெட்டுகள் சிற்றூர்களின் மேடைகளுக்கு வந்து சேர்கின்றன. ஆகவே புதுப்போக்கு ஊரகத்திற்கு எப்போதும் சில ஆண்டுகள் பிந்தியே வரும் எனக் கொள்வது பொருந்தும். நுண்திரை வந்துவிட்டால் எழுத்துச் சிக்கல் தானே தீரும் என்னும் நம்பிக்கை இக்காரணத்தாலேயே போதாது. வேறொரு காரணமும் உண்டு; அது பின்னர் விளக்கப்படும்.

சுழியின் கணக்கு

தொடக்கப்பள்ளியில் ணகரத்தை ‘மூன்று சுழி ண’ என்றும் னகரத்தை ‘இரண்டு சுழி ன’ என்றும் கற்பிக்கிறோம். இவ்விரண்டு எழுத்துகளின் வேறுபாடும் அச்சுழி எண்ணிக்கையில்தான் உள்ளது. பணி–பனி, மணம்–மனம், கணம்–கனம், ஆணி–ஆனி என்னும் இணைகளில் பொருள் வேறுபாடு முழுவதும் ஒரு சுழியைப் பற்றி நிற்கிறது.

ஒளிப்புள்ளிக் கட்டத்தில் ஒரு கோட்டுக்குக் குறைந்தது ஒரு நிரல் வேண்டும். சுழி திறந்து தெரிய, அதனுள் ஒரு நிரலேனும் இருளாக இருத்தல் வேண்டும். ணகரத்தின் மூன்று உள்வெளிகளும் பக்கக்கோடுகளைப் பகிர்ந்துகொள்வதாகக் கொண்டால், உள்வெளி மூன்று, கோடு நான்கு, ஆக ஏழு நிரல்கள். வலப்புறம் இறங்கும் கோட்டிற்கும் அதற்கு முந்தைய இடைவெளிக்கும் இரண்டு சேர்ந்து ஒன்பது. அதே முறையில் னகரத்திற்கு ஏழு. உரோமன் எழுத்துக்கோ 5 நிரல், 7 வரிசை போதும் என்பது நெடுங்கால வழக்கு. மின்பலகைகளின் உள்ளமை எழுத்துருக்கள் பல அவ்வளவில் அமைந்தவை.

இதிலிருந்து தமிழ் அகலத்தில் இடம்விழுங்கும் மொழி என்று முடிவுகட்டுவது தவறாகும். ‘கரிக்கலாம்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழில் பத்து எழுத்துகள். ககரத்திற்கு 7, லகரத்திற்கு 8, மகரத்திற்கு 6, பகரத்திற்கு 5, ரகரத்திற்கும் காலுக்கும் நான்கு நான்கு, இகரக் கொக்கிக்கு 3, உறுப்புகளுக்கு இடையில் ஒரு நிரல் எனக் கணக்கிட்டால் மொத்தம் 87 நிரல்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் அதே பெயர் 15 எழுத்துகள், 89 நிரல்கள். இரண்டிற்கும் மூன்று பி10 மாட்யூல்கள் தேவை. உயிரும் மெய்யும் ஓரெழுத்தாக இணைவதால் தமிழ் தன் அகலத்தை ஈடுசெய்துகொள்கிறது. எழுத்துருவுக்கு எழுத்துரு சில நிரல்கள் கூடலாம், குறையலாம். ஆயினும் ஒப்பீடு பெரிதும் மாறாது.

வேறுபாடு உயரத்தில்தான் உள்ளது. எழுத்துடலுக்கு ஒன்பது வரிசைகள் கொடுத்தால், அதற்கு மேல் இகர ஈகாரக் கொக்கிகளுக்கும் மெய்ப்புள்ளிக்கும் மூன்று, கீழே உகர ஊகார உறுப்புகளுக்கும் றகரம், ஞகரம் முதலியவற்றின் இறக்கத்திற்கும் நான்கு என 16 வரிசைகள் முற்றும் நிரம்பிவிடும். அதே 16 வரிசைகளில் ஆங்கிலம் ஏழு ஏழாக இரண்டு வரி எழுதிவிட்டு இரண்டு வரிசையை மிச்சமும் வைக்கும். ஆங்கிலப் பலகைக்குத் திட்டமிட்ட உயரத்தில் தமிழையும் இரண்டு வரியாக அடைக்கும்போது எழுத்துடலுக்கு நான்கு ஐந்து வரிசைகளே மிஞ்சுகின்றன. சுழிகள் அடைபடுகின்றன, ‘பணி’ எது, ‘பனி’ எது என்பது சூழலால் அறியப்பட வேண்டியதாகிறது. ஏட்டுச்சுவடியின் நிலைக்கு நாம் திரும்பிவிட்டோம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சுவடி படித்தவர்க்கு நேரமும் பயிற்சியும் இருந்தன, பேருந்தின் நெற்றியைப் பார்ப்பவர்க்கு அவை இல்லை.

சீர்திருத்தம் தந்த வடிவம்

1978 அக்டோபரில் தமிழ்நாட்டரசு, பெரியாரின் முன்மொழிவுகளுள் ஒரு பகுதியை ஏற்று எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளியிட்டது. ணா, றா, னா முதலிய ஆகார ஒகர ஓகார வடிவங்களும் ணை, லை, ளை, னை என்னும் ஐகார வடிவங்களுமாக 13 எழுத்துகள் ஒழுங்குபெற்றன. அச்சுக்கோப்பவர்க்கும் தட்டச்சாளர்க்கும் அது பேருதவி. ஒளிப்புள்ளிக் கட்டத்தின் நோக்கில் அதற்கு இன்னொரு விளைவும் உண்டு. பழைய ‘யானைத் துதிக்கை’ வடிவத்தில் ஐகாரக் குறி எழுத்தின் முகப்பில் ஒட்டி மேலெழுந்து வளைந்தது. அதற்கு வரிசைகள் மிகுதியாகத் தேவைப்பட்டன. புதிய வடிவத்தில் அது தனி உறுப்பாக முன்னே நிற்கிறது. வரிசைகளுக்கு மாறாக நிரல்களைக் கேட்கிறது. உயரமே பற்றாக்குறையாக உள்ள 16 வரிசைப் பலகைக்கு இம்மாற்றம் நன்மையே செய்தது. அச்சுக்கென மேற்கொண்ட சீர்திருத்தம் அன்று இல்லாத ஓர் ஊடகத்திற்குப் பயன்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. உகர ஊகார உயிர்மெய்கள் அச்சீர்திருத்தத்திற்குள் வரவில்லை. இன்றும் மின்பலகையில் முதலில் சிதைவன அவையே.

மெய்ப்புள்ளி: ஒற்றை ஒளிப்புள்ளியின் பொறுப்பு

சிறு பலகைகளில் மெய்ப்புள்ளி என்பது ஒரே ஓர் ஒளிப்புள்ளி. அவ்வொன்று பழுதானால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ‘கல்’ ‘கல’ எனத் தோன்றும். பழுதடைந்த ஒளிப்புள்ளிகளை ஆயிரத்திற்கோ பத்தாயிரத்திற்கோ இத்தனை என எண்ணிப் பொறுத்துக்கொள்வது தொழில் வழக்கம். படக்காட்சிக்கு அது சரி. முகத்தின் நடுவே ஓர் அணு அணைந்தாலும் முகம் முகமே. தமிழ்ச் சொல்லுக்கு அச்சலுகை பொருந்தாது. நிலைத்த தொடர் ஒன்றையே மாதக்கணக்கில் காட்டும் பலகையில் ஒரு புள்ளி அணைந்தால் அத்தொடர் மாதக்கணக்கில் பிழையாகவே நிற்கும். இடம் இருக்குமானால் மெய்ப்புள்ளியை இரண்டுக்கு இரண்டு ஒளிப்புள்ளிகளாக அமைப்பது எளிய தீர்வு. நான்கில் ஒன்று அணைந்தாலும் புள்ளி தெரியும்.

ஒளிர்வும் இங்குத் தொடர்புடையது. பகலுக்கென வைத்த ஒளிர்வை இரவிலும் குறைக்காமல் விட்டால் ஒளி கண்ணினுள் பரவிச் சுழியின் இருள் உள்வெளியை நிரப்பிவிடுகிறது. ஒளிர்தளத்தில் கரிய எழுத்து எழுதினால் இதே பரவல் மெய்ப்புள்ளியை விழுங்கும். எனவே இருள்தளத்தில் ஒளியெழுத்து என்பதே தமிழுக்கு ஏற்றது. சி.ஓ.பி. திரையின் ஆழ்ந்த கருமை சுழிகளைத் திறந்து காட்டுவதால், எழுத்தைப் பொறுத்தவரை அதன் பயன் படக்காட்சிக்குக் கிடைப்பதைக் காட்டிலும் மிகுதி எனலாம். நீல எழுத்தைத் தவிர்ப்பது நலம். நீலத்தை உணரும் கூம்பணுக்கள் விழித்திரையில் மிகக் குறைவாதலால் நுண்ணிய கோடுகள் அந்நிறத்தில் மங்கும்.

பெருந்திரையும் கடைசி வரிசையும்

தேர்த் திருவிழாவில் அலங்காரத்தையும் அபிடேகத்தையும் தொலைவில் நிற்போர்க்குக் காட்டுவது பெருந்திரையின் முதல் வேலை. உபயதாரர் பெயர், நிகழ்ச்சிநிரல், தவறிய குழந்தை பற்றிய அறிவிப்பு, நெரிசலில் எவ்வழியே செல்வது என்னும் எச்சரிக்கை ஆகியவை எழுத்தாக அதே திரையில் வருகின்றன. பாட்டும் பறையும் ஒலிக்கும் இடத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு காதில் விழாதபோது எழுத்தே துணை.

நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகைக்கலை அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். அதாவது ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 0.29 மி.மீ. இதன்படி 3.91 மி.மீ. திரையின் ஒளிப்புள்ளிகள் 13 மீட்டருக்கு அப்பால் தனித்துத் தெரியாமல் படமாக இழையும். ‘இத்தனை மி.மீ. என்றால் இத்தனை மீட்டரிலிருந்து பார்க்கலாம்’ என்னும் தொழில் வாய்பாடு காட்டுவது அருகெல்லையை மட்டுமே. எழுத்துக்கு வேண்டியது தொலைவெல்லை. 40 மீட்டரில் நிற்பவருக்குப் பிரித்தறியத்தக்க இடைவெளி 11.6 மி.மீ.; அது ஏறத்தாழ மூன்று ஒளிப்புள்ளிகள். ஆகவே ஒன்பது அலகு கொண்ட ணகரம் அவர் கண்ணில் ணகரமாக விழ, அதன் உடல் 27 ஒளிப்புள்ளிகள், அதாவது 10.5 செ.மீ. இருக்க வேண்டும். இதுவும் கூர்ந்த கண்ணின் எல்லை. முதியோரும் படிக்க வேண்டுமானால் இருமடங்கு கொள்வதே தகும்.

நான்கு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள திரைக்கு 48 கேபினெட்டுகள். 1024க்கு 768 ஒளிப்புள்ளிகள். இதில் 27 ஒளிப்புள்ளி உடல்கொண்ட எழுத்தை அமைப்பது அரிதன்று. இருந்தும் திரையில் தமிழ் சிதைவதேன்? இயக்குபவரின் மடிக்கணினி 1920க்கு 1080 அளவில் படம் அனுப்புகிறது. கட்டுப்படுத்தி அதனை 1024 அகலத்திற்குச் சுருக்குகிறது. கணினியில் 20 அணு உயரமிருந்த எழுத்துடல் திரையில் 11க்கும் குறைவாகிறது. விகிதம் முழுவெண் அன்மையால் கோடுகள் சில தடித்தும் சில மங்கியும் விழுகின்றன. இதுவே முன்னர்ச் சுட்டிய இரண்டாவது காரணம். எத்துணை நுண்ணிய திரை வந்தாலும், எழுத்தை அமைப்பவர் தம் கணினித் திரையில் பார்த்து நிறைவடைந்துவிட்டால் பயனில்லை. மேற்கூறிய 27 ஒளிப்புள்ளி கிடைக்க, அவர் தம் கணினியில் ஏறத்தாழ 51 அணு உயரத்தில் எழுத வேண்டும். அன்றிக் கணினியின் வெளியீட்டையே 1024க்கு 768 என அமைத்து ஒன்றுக்கொன்றாக அனுப்புவது இன்னும் நன்று. அதற்குத் தனிச் செலவில்லை.

ஓடும் எழுத்தும் குறியேற்றமும்

வலமிருந்து இடமாக ஓடும் பலகையில் ‘கொ’ என்னும் எழுத்து மூன்று தவணையாக வருகிறது: முதலில் கொம்பு, பின்னர்க் ககரம், இறுதியில் கால். கால் வரும்வரை அது ‘கெ’ ஆகவும் இருக்கலாம், ‘கௌ’ ஆகவும் இருக்கலாம். மூன்றெழுத்து அகலமே உள்ள குறும்பலகையில் ஓட்டத்தின் வேகம் கூடினால் படிப்பவர் நினைவில் கொம்பு நிற்பதில்லை. ஓட்டத்தை நிறுத்தி, சொற்களாகப் பகுத்து மாற்றி மாற்றிக் காட்டும் முறை தமிழுக்குப் பொருத்தமானது.

குறியேற்றச் சிக்கல் இதனினும் அடிப்படையானது. ஒருங்குறியில் கொம்பு, மெய்யெழுத்தின் பின்னரே சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும் மென்பொருளே அதனை முன்னே கொணர வேண்டும். கணினியில் எழுதிப் படமாக்கி அனுப்பினால் இது நிகழ்ந்துவிடுகிறது. மலிவான கட்டுப்படுத்திகள் தம் உள்ளமை எழுத்துருவால் நேரடியாக வரையும்போது கொம்பு பின்னே தங்கிவிடுகிறது. சிலவற்றில் தமிழே இருப்பதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பலகைகள் பெருகுவதற்கு மொழிப்பற்றின்மையே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. கட்டுப்படுத்தியின் இயலாமைக்கும் அதில் பங்குண்டு. 1999ஆம் ஆண்டுத் தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த 8-துணுக்குக் குறியேற்றங்களில் கொம்பு தோன்றும் வரிசையிலேயே தட்டப்பட்டதால் எளிய கருவிகளும் அதனைச் சரியாகக் காட்டின. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற அனைத்தெழுத்துக் குறியேற்றத்தில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடமுண்டு. கணினியில் அதன் தேவை பெரிதும் மறைந்துவிட்டாலும், வரைபொறி இல்லாத சிறு கட்டுப்படுத்திகளில் 247 எழுத்துகளின் ஒளிப்புள்ளி வடிவங்களை அட்டவணையாக வைத்துக்கொள்ள அம்முறை இன்றும் உகந்தது.

கொள்முதலில் செய்யத்தக்கது

புதுச்சேரியின் 1965ஆம் ஆண்டு அலுவல்மொழிச் சட்டம் தமிழுக்கு இடமளித்துள்ளது. பழைய நகர்ப் பகுதியின் நீலப் பற்சிப்பித் தெருப்பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் ஒருங்கே படிக்கத்தக்கனவாக இருப்பதை இன்றும் காணலாம். மின்பலகைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது திரையின் பரப்பு, இடைவெளி, ஒளிர்வு, நீர்க்காப்பு ஆகியவை எழுதப்படுகின்றன. எழுத்துடலுக்கு எத்தனை ஒளிப்புள்ளி என்பது எழுதப்படுவதில்லை. தமிழுக்கு ஒரு வரிக்குக் குறைந்தது 16 வரிசை, எழுத்துடலுக்குக் குறைந்தது 9 என்னும் இரு வரையறைகளைச் சேர்ப்பது போதிய தொடக்கமாகும்.

பலகையைப் பெற்றுக்கொள்ளும்முன் ஓட்டிப்பார்க்க வேண்டிய சொற்களையும் வரையறுக்கலாம். ‘அண்ணன்’ சுழி வேறுபாட்டையும் மெய்ப்புள்ளியையும் காட்டும். ‘நூற்றாண்டு’ ஊகார உறுப்பையும் றகரத்தின் இறக்கத்தையும் காட்டும். ‘கௌரவம்’ குறியேற்ற வரிசையைச் சோதிக்கும். ‘ஞாயிறு’, ‘தீர்ப்பு’ மேல்கீழ் எல்லைகளை வெளிப்படுத்தும். ‘பணி’, ‘பனி’ இரண்டையும் முன்பின் கூறாது மாற்றி மாற்றிக் காட்டி, அப்பலகையை நாளும் பார்க்கவுள்ளோருள் சிலரை அவர்கள் நிற்கும் தொலைவிலேயே நிறுத்திப் படிக்கச் சொல்லலாம். நலவாழ்வு மையத்தின் பலகையாயின் அங்கு வரும் முதியவர்களே அதற்குத் தக்கவர்கள்; இரவில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை.